அண்ணாவின் அறுபதும் கடைசி ஆட்டமும்

வெள்ளிக்கிழமை எங்கள் அணி வென்றிருந்தால் எனக்கும் அண்ணாவுக்கும் இடையில் ஒரு பிரச்சினையும் வந்திராது. போன ஒக்டோபர் கடைசியில் நடந்த பேஸ்போல் இறுதித் தொடர். மொத்தம் ஏழு ஆட்டங்கள், முதலில் நாலை வெல்பவர்களுக்குக் கிண்ணம். நாங்கள் மூன்றை வென்று நின்றோம். ஆறாவது ஆட்டம் வெள்ளிக்கிழமை, எங்கள் சொந்த மைதானத்தில். அன்றைக்கே கதை முடிந்துவிடும் என்று ரொறன்ரோ முழுக்க நம்பியது. எங்கள் ஆட்கள் தோற்றுப்போனார்கள். கடைசி ஆட்டம் சனிக்கிழமைக்குப் போனது. சனிக்கிழமை அண்ணாவின் அறுபதாவது பிறந்தநாள்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், மில்லிக்கனில் இருக்கிறேன். பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் பொதி செய்யும் பகுதியில் வேலை. எனக்கு பேஸ்போல் விசர் என்று எங்கள் சனத்துக்குள் பெயர். என்னுடைய வீட்டுக்காரர் கிரிக்கெட் ஆள். "நிலத்தில குத்தாத பந்தை அடிக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டே?" என்று கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் பதில் சொல்வதில்லை. ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

இந்தப் பழக்கம் நகரின் மேற்குப் பக்கம், பார்க்டேலில் தொடங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் இலையுதிர்காலம். ஒற்றை அறை அபார்ட்மென்டில் அண்ணாவும் நானும் இன்னும் சில பேரும் இருந்தோம். ஒரு இரவு தெருவில் திடீரென்று பெரிய சத்தம். கார்கள் விடாமல் ஹோர்ன் அடித்தன, ஆட்கள் கத்தினார்கள், எங்கோ எதையோ போட்டு அடித்தார்கள். சண்டை நடந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள், அங்கே அப்படிச் சத்தம் கேட்டால் அது நல்ல செய்தியாக இருந்ததில்லை. அண்ணா லைற்றை அணைத்துவிட்டு எல்லோரையும் நிலத்தில் இருக்கச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டுப் பெண். கையில் சட்டியும் கரண்டியும். "நாங்கள் வெண்டிட்டம்!" என்று அவள் இங்கிலீஷில் கத்தினாள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கியது. யார் வென்றது, எதை வென்றது என்று தெரியாது. ஆனால் அவள் என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள். என்னுடைய கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள். தெரு முழுக்க நீலத் தொப்பிகள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணா கீழே இறங்கி வரவில்லை.

அது இந்த பேஸ்போல் அணியின் முதல் கிண்ணம் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அடுத்த வருஷமும் வென்றார்கள். பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாக ஒன்றுமில்லை. அந்த முப்பது வருஷமும் நான் விடவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பார்த்தேன். இரவு வேலையில் ரேடியோவில் கேட்டேன். படு மோசமாகத் தோற்ற வருஷங்களில் அணியைப் பற்றிக் கதைக்கவே ஆளில்லை, அப்போதும் பார்த்தேன். போன இலையுதிர்காலம் இந்த இறுதித் தொடருக்கு வந்தபோதுதான் ஊர் முழுக்க நீலத்துக்கு மாறியது. கோயில் வாசலில்கூட நீலத் தொப்பிகள். இவர்கள் எல்லாம் இவ்வளவு நாளும் எங்கே இருந்தார்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது, பெருமையும் வந்தது.

அந்தத் தொடரில் ஒரு ஆட்டம் முடியாமல் முடியாமல் இழுபட்டு, விடியப்புறம் மூன்று மணி போலத் தோற்றோம். அப்படியே முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன். என்னுடைய வரிசையில் நிற்கிற கயானாப் பெண்ணும் தூங்கியிருக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு பாணைப் பொதி செய்யத் தொடங்கினோம்.

சனிக்கிழமை காலை அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணா, கேக்கை எட்டு மணிக்கு முதல் வெட்டுவியளே?"

"ஏன், ஆராவது வெள்ளனப் போகோணுமே?"

"எட்டு மணிக்குக் கடைசி மட்ச் தொடங்குது."

"உனக்கு விசர் முத்திப்போச்சு. எனக்கு அறுபது வயசு ஒருக்காத்தான் வரும்."

"இதுவும் அப்பிடித்தான் அண்ணா. நான் முப்பது வருஷம் பாத்துக்கொண்டிருந்தனான்."

"வெள்ளைக்காரன்ர விளையாட்டுக்கு நீ ஏன் உப்பிடித் துள்ளுறாய்? பேசாமல் வெளிக்கிட்டு வா."

போனேன். சும்மா ஒப்புக்குப் போகவில்லை. ஆறு மணி என்று அழைப்பிதழில் அடித்திருந்தார்கள். ஆறு மணிக்கு மண்டபத்து வாசலில் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு பன்னீர்ச் செம்போடு நின்றேன். வந்தவர்களை வரவேற்றேன். பிள்ளைகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அண்ணாவும் அவன் மனைவி, என்னுடைய மச்சாளும் வெளியே படம் எடுத்து முடித்து உள்ளே வரவே எட்டு மணி தாண்டிவிட்டது. பிறகு விளக்கேற்றல், பிறகு பேச்சுகள். நானும் பேசினேன். இந்த நாட்டில் முதல் குளிர்காலத்தில் தன்னுடைய கோட்டை எனக்குத் தந்துவிட்டு அவன் வெறும் ஸ்வெற்றரோடு வேலைக்குப் போனதைச் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். மச்சாள் கண்ணைத் துடைத்தாள்.

பேசிவிட்டு வந்து மேசையில் இருந்தேன். கேக் இன்னும் வெட்டவில்லை. யாரோ முக்கியமான விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார், அவர் வந்த பிறகுதான் வெட்டு என்றார்கள். போனை மடியில் வைத்துக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன். நாங்கள் முன்னுக்கு நின்றோம்.

அண்ணா மேசை மேசையாகப் போய்க் கதைத்துக்கொண்டு வந்தான். எங்கள் மேசைக்கு வந்தபோது நான் நிமிரவில்லை. அந்த நேரம் போன் திரையில் எங்கள் அணியின் ஆள் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கை மேலிருந்து வந்து என்னுடைய போனை எடுத்தது. அண்ணா அதைத் தன்னுடைய கோட்டுப் பைக்குள் போட்டான்.

"சின்னப் பிள்ளையளுக்குத்தான் உப்பிடிப் பறிச்சு வைக்கிறது," என்று மேசையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்.

"அண்ணா, போனைத் தாங்கோ."

"கேக் வெட்டினாப் பிறகு தாறன்."

"இப்ப தாங்கோ."

"சும்மா இரு பிள்ளை. சனம் பாக்குது."

சனம் பார்க்கத்தான் நான் எழும்பினேன். கைப்பையை எடுத்தேன். என்னுடைய வீட்டுக்காரர் வேறு மேசையில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மண்டபத்தின் நடுவால், நடனமாடுகிற பிள்ளைகளுக்கு நடுவால் நடந்து வெளியே வந்தேன். முகம் சுட்டது. கோட்டை எடுக்கவும் மறந்துபோனேன்.

மண்டபம் இருந்த அதே கடை பிளாசாவின் மறுபக்கத்தில் ஒரு பார் இருந்தது. மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் அதன் முன்னால்தான் காரை நிறுத்துவோம். நான் அதற்குள் போனதில்லை. அதற்குள் மட்டுமல்ல, எந்தப் பாருக்குள்ளும் போனதில்லை. கண்ணாடிக்கு உள்ளே பெரிய திரை தெரிந்தது. கதவைத் தள்ளினேன்.

முதலில் சில பேர் திரும்பிப் பார்த்தார்கள். காஞ்சிபுரமும் மல்லிகைப் பூவும் அட்டியலுமாக ஒரு பெண் தனியாக வந்து நின்றால் யாரும் பார்ப்பார்கள்தான். தலைப்பாகை கட்டிய ஒருவர் தன்னுடைய கோட்டை அடுத்த கதிரையிலிருந்து எடுத்து, இருக்கச் சொன்னார். பரிமாறுகிற பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். ஜிஞ்சர் ஏல் சோடா என்றேன், பொரித்த உருளைக்கிழங்கும் என்றேன். பிறகு யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் பார்க்க வேண்டியது திரையில் இருந்தது.

கதவு திறந்து குளிர் வந்தது. திரும்பினால் என்னுடைய வீட்டுக்காரர். ஒரு கையில் என்னுடைய கோட்டு. மற்றக் கையில் என்னுடைய போன்.

"உம்மை எங்கெல்லாம் தேடுறது?"

"போனை அண்ணா தந்தவரே?"

"தரேல்லை. நான் அவர்ட பைக்குள்ள கைவிட்டு எடுத்தனான்." சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. "கேக் வெட்டப் போகினம். வாரும்."

"நீங்கள் போங்கோ. நான் இது முடிய வாறன்."

அவர் திரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "எவ்வளவு கிடக்கு?"

"ஒன்பதாவது இன்னிங்ஸ். இன்னும் ரெண்டு பேரை அவுட்டாக்கினால் கிண்ணம் எங்களுக்கு."

கோட்டை என்னுடைய தோளில் போட்டுவிட்டு அவரும் கதிரையை இழுத்து இருந்தார்.

அந்த இரண்டு பேரில் முதல் ஆள்தான் எங்களைக் கெடுத்தார். அவர்களுடைய வரிசையில் கடைசி ஆள், பெரிதாக அடிப்பவர் என்று யாரும் நினைக்காதவர். பந்தைத் தூக்கி வேலிக்கு வெளியே போட்டார். ஆட்டம் சமநிலை. பிறகு எங்கள் முறை வந்தது. மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். ஒரே ஒருவர் 'வீடு' என்கிற தொடக்கத் தளத்துக்கு வந்து சேர்ந்தால் போதும். பந்து அடிபட்டது, மூன்றாம் தளத்தில் நின்றவர் ஓடினார், கால் வைக்க ஒரு கணம் பிந்திவிட்டது, அவுட்.

"அவன் ஏன் முன்னுக்கு வந்து நிக்கேல்லை?" என்று என்னுடைய வீட்டுக்காரர் மேசையில் அடித்தார். "கொஞ்சம் முன்னுக்கு நிண்டிருந்தால் ஓடி வந்திருப்பானே!" முப்பது வருஷமாக இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று கேட்ட மனிதர். தலைப்பாகைக்காரர் அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மேலதிக இன்னிங்ஸில் அவர்கள் இன்னொரு பந்தை வேலிக்கு வெளியே அடித்தார்கள். எங்களுடைய கடைசி ஆளின் மட்டை உடைந்து, பந்து நேரே அவர்களுடைய கைக்குப் போனது. முடிந்தது.

பக்கத்து மேசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார். இந்த அணி எப்போதும் இப்படித்தான், இனிமேல் பார்க்கப்போவதில்லை என்று கெட்ட வார்த்தையோடு சொன்னார். நான் திரும்பினேன். எனக்கு வருகிற இங்கிலீஷில், இந்த வருஷம் பார்க்கத் தொடங்கினவர் இந்த வருஷமே நிறுத்தலாம், நான் நிறுத்தப்போவதில்லை என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுவதில் எனக்கு வெட்கமில்லை, நல்ல ஆட்டம் ஆடித் தோற்றவர்களுக்காக அழுதேன்.

மண்டபத்துக்குத் திரும்பிப் போனோம். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணா வாசலில் பரிசுப் பொதிகளைக் காருக்கு ஏற்றிக்கொண்டு நின்றான்.

"தோத்துப்போச்சாமே," என்றான். "இப்ப சந்தோஷமே?"

"தோத்தாலும் அது என்ர ரீம்."

"சொந்த அண்ணன் கேக் வெட்டேக்க நீ பாருக்குள்ள. சனம் என்ன கதைக்கும்?"

"ஆறு மணிக்கு வந்தனான். வாசல்ல நிண்டனான். உங்களைப் பற்றி மேடையில பேசினனான். அதெல்லாம் மனசாரத்தான் செய்தனான். ஆனால் இனி என்ர கையில இருந்து ஒண்டையும் பறிக்காதேங்கோ அண்ணா. எனக்கு ஐம்பத்தேழு வயசு."

அவன் பொதியைக் காருக்குள் வைத்து, கதவை ஓங்கிச் சாத்தினான்.

திங்கட்கிழமை நீலத் தொப்பியோடு வேலைக்குப் போனேன். உள்ளே வலைத்தொப்பி போட வேண்டும் என்பதால் வாசல் வரைக்கும்தான் அது தலையில் இருந்தது, ஆனாலும் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் வேறு யாரும் போட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாசி வரைக்கும் அண்ணா என்னோடு கதைக்கவில்லை. பொங்கலுக்கு மச்சாள் போன் எடுத்தாள். "ஒரு சொல்லு மன்னிப்பெண்டு சொல்லிவிடும். அவர் பழையபடி கதைப்பார்," என்றாள். நல்ல மனம் அவளுக்கு. எனக்குச் சொல்ல வராது என்றேன். கேக் வெட்டும்போது நிற்கவில்லை என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஆனால் போனைப் பறித்தவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் பொங்கல் நன்றாக வந்ததா என்று கேட்டாள்.

மாசி மாதம், பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஒரு சொந்தக்காரரின் செத்தவீடு. அங்கே அண்ணாவும் வந்திருந்தான். எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது என்னிடம் வந்து, "சாப்பிட்டியே?" என்று கேட்டான். "ஓம், நீங்கள்?" என்றேன். "ஓம்," என்றான். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த கிழமை போன் எடுத்து, தன்னுடைய மகளின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள் என்று சொன்னான். இலையுதிர்காலத்தில் வைக்கலாமோ என்று யோசிப்பதாகவும் சொன்னான்.

"ஒக்டோபர் வேண்டாம்," என்றேன்.

"ஏன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்."

போனுக்கு அந்தப் பக்கம் அண்ணா மச்சாளைக் கூப்பிட்டு, ஓகஸ்டில் மண்டபம் கிடைக்குமா என்று கேட்பது எனக்குக் கேட்டது.