கனகராஜ் செய்யாத தவறு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். காந்திபுரத்தில் நோட்டரி அலுவலக வாசலில், நாலு பேருடைய சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கைபேசியில் எங்கள் அலுவலகத்துக் கனகராஜ் அண்ணன் பெயர் வந்தது. "ஏனுங்கண்ணா, இன்னைக்கும் பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று கேட்டபடியே எடுத்தேன். பேசியது அவர் மனைவி ராஜாமணி அக்கா. "அம்மணி, அவரு போயிட்டாருங்க. காப்பி குடிச்சுப்போட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லீங்க" என்றார். அந்தச் சான்றிதழ்களை நோட்டரியிடம் கொடுத்தேனா, திரும்ப எடுத்துவந்தேனா என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அவிநாசியில் அவர் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். "ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து எழுதிக் குடுத்த மனுசன். சொந்தப் புள்ளைக்கு எழுதறப்பத்தான் தப்பு பண்ணிப்போட்டாரு." "ஆமாங்க, அந்த வெசனந்தான் ஆளைக் கொண்டுபோயிருச்சு." நான் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய நண்பர்கள் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது முதலில் முடியாது என்றேன். மூன்று நாள் கழித்து நானே கூப்பிட்டு எழுதுகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் அந்தப் பந்தல் பேச்சுதான்.

உங்களில் பாதிப்பேர் அவரைப் பம்ப் கம்பெனி நாட்களிலிருந்து அறிந்தவர்கள். எங்கள் அலுவலகத்தில் அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. தொழில் தெரிந்தவர்கள் கனடாவுக்குக் குடியேற விண்ணப்பிப்பதற்கான காகிதங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அந்த நாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணின் கீழ், அந்த வேலை பார்ப்பவர் என்னென்ன செய்வார் என்று அச்சிட்டிருப்பார்கள். விண்ணப்பிக்கிறவர் தனக்குப் பொருந்துகிற எண்ணைச் சொல்ல வேண்டும். கம்பெனி கொடுக்கும் அனுபவக் கடிதம் அதை மெய்ப்பிக்க வேண்டும். எண் பிசகினால் படிப்பு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், காத்திருந்த காலம் எல்லாம் வீண். பம்ப் கம்பெனியை மூடிய பிறகு எங்களிடம் வந்த கனகராஜ், பதினோரு ஆண்டுகள் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத்தான் பார்த்தார்.

பதவிப் பெயரை அவர் பார்க்கவே மாட்டார். வந்தவர் நீட்டுகிற கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நேத்துக் காலையில வேலைக்குப் போனதுல இருந்து சாயங்காலம் வர்ற வரைக்கும் என்ன செஞ்சீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்பார். பல்லடத்திலிருந்து வந்த கல்யாணச் சமையல்காரர் ஒருவர், "நேத்து முகூர்த்தம் இல்லீங்க, படுத்துத் தூங்கினனுங்க" என்றார். "தூங்கறதுக்குக் கனடாவுல நெம்பர் இல்லீங்களே. முகூர்த்தத்தன்னைக்கு செஞ்சதைச் சொல்லுங்க" என்று கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டார் கனகராஜ். நாங்கள்தான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனோம்.

நம் ஊரில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம்மவர்களுக்கு மரியாதையில் குறை வைக்கத் தெரியாது. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் வெல்டிங் செய்தவருக்கு, முதலாளி 'தொழிற்சாலை மேலாளர்' என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. கடிதத்தை மாற்றி வாங்க நானும் கனகராஜும் போனோம். முதலாளி இளநீர் வெட்டிக் கொடுத்து உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "நம்மகிட்ட இருந்தவன் வெளிநாடு போறானுங்க. கௌரவமாப் போகட்டுமேன்னுதான் அப்படிப் போட்டனுங்க" என்றார். கனகராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க மனசு பெருசுங்க. அந்த கௌரவத்தை வழியனுப்பறப்ப மாலையாப் போட்டு அனுப்புங்க. லெட்டர்ல மட்டும் அவரு கை செஞ்ச வேலைய எழுதிக் குடுங்க." திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அந்த முதலாளியைக் கேலி செய்துகொண்டே வந்தேன். அவர் சிரிக்கவில்லை. "பிரியத்துல செய்யறதுங்க அம்மணி. அது தப்புன்னு கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

குறைத்துச் சொல்கிறவர்களையும் அவர் விடமாட்டார். பவானியில் ஜமக்காளம் விற்பனை செய்யும் குடும்பத்து மருமகள் ஒருவர், "நான் சும்மா கம்ப்யூட்டர்ல உக்காந்திருப்பனுங்க, அவ்வளவுதான்" என்று சொன்னார். அவரை இரண்டு மணி நேரம் பேசவைத்து, நூல் வாங்குவது முதல் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவது வரை மொத்த வியாபாரத்தையும் நடத்துவது அந்தப் பெண்தான் என்று கண்டுபிடித்தார் கனகராஜ். "இத்தனையும் செஞ்சுபோட்டுச் சும்மான்னு சொன்னா அதுவும் பொய்தானுங்களே" என்றார். அந்தப் பெண் அழுதுவிட்டார். தான் செய்வதை ஒருவர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று போகும்போது என்னிடம் சொன்னார்.

இனி நித்யாவின் கோப்புக்கு வருகிறேன். நித்யா கனகராஜின் ஒரே மகள். மெக்கானிக்கல் படித்துவிட்டு வால்வு தயாரிக்கும் கம்பெனியில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். ஒருநாள் அவளுடைய காகிதங்களைக் கனகராஜ் என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "இதை நீங்களே பாருங்க அம்மணி. நான் பார்க்கக் கூடாது. எம்புள்ள என்ன செஞ்சாலும் எனக்குப் பெருசாத்தான் தெரியும்" என்றார். அதன் பிறகு அந்தக் கோப்பை அவர் தொடவில்லை; வீட்டில் மட்டும் அவரே எழுதுவதாக நினைத்திருந்தார்கள். ஒரே ஒரு தடவை மட்டும், "புள்ளைகிட்ட உக்காந்து கேட்டீங்களா?" என்றார். "கேட்டுட்டனுங்கண்ணா" என்றேன்.

நான் கேட்கவில்லை. கம்பெனிக் கடிதத்தில் 'தரப் பொறியாளர்' என்று இருந்தது. அதன் கீழே எழுதியிருந்த வேலைகளோ, வார்ப்படங்களை அளவெடுப்பது, கருவிகளைச் சரிபார்ப்பது, அறிக்கை எழுதுவது. அது தொழில்நுட்பப் பணியாளருக்கான எண்; இத்தனை ஆண்டுகள் கனகராஜின் பக்கத்து மேஜையில் இருந்த எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இன்ஜினியரிங் படித்த கனகராஜின் மகளுக்கு, என் கையால் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. பொறியாளருக்கான எண்ணைப் போட்டேன். மேட்டுப்பாளையத்து முதலாளியைக் கேலி செய்த அதே வாய்க்காரிதான் நான்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சொன்ன எண்ணுக்கும் செய்த வேலைக்கும் பொருத்தமில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். சரியான எண்ணைப் போட்டிருந்தாலே அவளுக்குக் கிடைத்திருக்கும் என்பதுதான் கொடுமை. இதற்குள் நித்யாவுக்கு முப்பது வயது முடிந்திருந்தது. அதிலிருந்து வயதுக்கான மதிப்பெண் குறைந்துகொண்டே போகும். அடுத்த முறை அவளுடைய மதிப்பெண் தேவையான அளவை எட்டவில்லை.

அந்த நிராகரிப்புக் கடிதத்தைக் கனகராஜ் என் எதிரில் நின்றே படித்தார். கோப்பைத் திறந்து நான் போட்ட எண்ணைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோப்பை மூடி வைத்துவிட்டு, "ஊட்டுல நான்தான் தப்பாப் போட்டுட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்க ஒண்ணும் பேசவேண்டாம்" என்றார். நான் வேண்டாம் என்றேன், உறுதியாகச் சொல்லவில்லை. "உங்க பேரு கெட்டா ஆபீஸ் கெட்டுப்போகும். இங்க எத்தனை பேரோட பேப்பர் இருக்குது. எம்பேரு கெட்டா என்ன, எம்புள்ள ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா. அப்புறம் சரியாப் போயிரும்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. இதைவிட நாகரிகமான வார்த்தை இருந்தால் போட்டிருப்பேன்.

அதன் பிறகும் அவர் நாள் தவறாமல் வந்தார். அதே கேள்வியைக் கேட்டார், அதே மாதிரி எழுதினார். நித்யா எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், "இருக்கறாளுங்க" என்பார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

காரியம் முடிந்த மறுநாள் அவிநாசிக்குப் போனேன். ராஜாமணி அக்கா உள்ளே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நித்யா மட்டும் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணைப் போட்டது நான், பழியை ஏற்றுக்கொண்டது அவர், வாயை மூடிக்கொண்டிருந்தது மறுபடியும் நான். அவள் கையில் இருந்த சட்டையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா எதுக்குங்க என்கிட்டச் சொல்லல?"

நீ ரெண்டு நாளைக்குத்தான் கோபமாக இருப்பாய் என்று நினைத்தார், என்றேன்.

"ரெண்டு நாளுங்களா?" என்றாள். சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எட்டு மாசமுங்க அக்கா. தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுப்போட்டு நான் உள்ள போயிருவனுங்க. அவரு 'சாப்பிட்டயா கண்ணு'ன்னு கேப்பாரு. நான் பதில் சொல்ல மாட்டனுங்க. கடைசி நாள் காப்பி குடுத்தப்பக்கூட, டம்ளரை வெச்சுப்போட்டுத் திரும்பிட்டனுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. அப்பனைப் போலத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாகிட்டத் தப்பில்லைன்னு எல்லாத்துக்கும் தெரியற மாதிரி அந்த மலருல எழுதிருங்க அக்கா" என்றாள்.

அதனால், அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். பந்தலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பேசிய இருவரும் இதைப் படிக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளில் கனகராஜ் யாருக்கும் தப்பான எண்ணைப் போடவில்லை. மகள் விஷயத்தில் தவறிவிடுவோமோ என்று பயந்து, நம்பிக்கையான ஆள் என்று நினைத்து என்னிடம் கொடுத்தார். தவறு என்னுடையது. அதை அவர் இருக்கும்போதே, அவர் வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியமாக நான் சொல்லியிருக்கலாம். அவிநாசிக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான் ஆகும்.

அவருடைய நல்ல பெயரை இதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த எட்டு மாதங்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழியில்லை. அவை என்னிடமே இருக்கின்றன.