விரல் விரிக்கும் கையுறை

அந்த வடிவமைப்பு நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் கம்பியக்கா. முன்பு பை தைக்கும் தொழிற்சாலையில் இருந்தவள். கைவேலையின் சுத்தத்தைப் பார்த்து மாதிரிகள் தைக்க இங்கே எடுத்துக்கொண்டார்கள். இப்போது துணியோடு தலைமுடி கனமே உள்ள ஒரு கம்பியையும் தைக்கிறாள். சூடு பட்டால் அந்தக் கம்பி சுருங்கித் தன் பழைய நீளத்துக்குப் போய்விடும், ஆறினால் தளர்ந்துவிடும். அதை மெல்லிய குழாய்களில் கோத்துக் கையுறையின் புறங்கைப் பக்கம் பொருத்துவாள். சின்ன பேட்டரி கம்பியைச் சூடாக்கும், கம்பி இழுக்கும், மடங்கிய விரல்கள் நிமிரும். பக்கவாதம் வந்தவர்கள் டம்ளரைப் பிடிக்கவும் விடவும் உதவட்டும் என்று போட்ட திட்டம். அதனால் உள்ளங்கைப் பக்கம் துணி கிடையாது.

அப்படி மடங்கிப்போன கை ஒன்று அவள் வீட்டிலேயே இருந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர். ஓட்டிக்கொண்டிருந்தபோதே இடது பக்கம் இழுத்துவிட்டது. வண்டியை எப்படியோ ஓரங்கட்டி நிறுத்திய பிறகுதான் சாய்ந்தார். பேச்சு திரும்பியது, கால் ஓரளவு திரும்பியது. இடது கை மட்டும் முஷ்டியாக இறுகிப்போய், தொட்டாலும் தெரியாத கையாகிவிட்டது.

தினமும் காலையில் அந்த முஷ்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். உள்ளே வியர்த்து நாறும். நகம் வளர்ந்து சதையில் குத்தும். ஒரு விரலை நிமிர்த்தினால் மற்றது மடங்கும். தோலில் உணர்வில்லாவிட்டாலும், உள்ளே முழங்கைவரை இழுக்கும் வலியில் அவர் பல்லைக் கடிப்பார். முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கும், இடுப்பு வலிக்கும். பிறகு பேருந்தில் நின்றுகொண்டே போய், நாள் முழுக்கக் கம்பி கோக்க வேண்டும்.

அவளுக்கு மேலதிகாரி ஓர் இளம்பெண், கையுறையை வடிவமைத்தவள். ஒருநாள் கம்பியக்கா அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மேடம், ஒரு தடவ வீட்டுல போட்டுப் பாக்கட்டுமா?"

"கொண்டு போங்கக்கா. ரொம்ப நேரம் மட்டும் போட்டு வைக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கணவரின் கையை வைத்துக் கையுறையை மாட்டிவிட்டாள்.

"வேலைய வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்றார் அவர்.

"சும்மா இருங்க."

பொத்தானை அழுத்தினாள். விரல்கள் சந்தேகத்தோடு எழுவதுபோல ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வெளுத்து ஊறிய உள்ளங்கையில் நகத் தடங்கள் பிறை பிறையாக இருந்தன. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இவ்வளவு நாளா எதையோ கெட்டியா புடிச்சு வச்சிருந்தேனே, பாத்தியா, உள்ள ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார்.

வெந்நீரில் துணியை நனைத்து நிதானமாகத் துடைத்தாள். நகம் வெட்டினாள். அவர் பல்லைக் கடிக்கவில்லை. அந்த ஆசையில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையுறையைக் கழற்றாமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் பார்த்தால் விரல் மூட்டின் மேல் கொப்புளம். குழாயைத் தாண்டிச் சூடு இறங்கியிருக்கிறது; அவருக்குத் தெரியவே இல்லை.

"எனக்குத்தான் வலிக்கலையே, விடேன்."

"வலிக்காததுதாங்க பயமா இருக்கு" என்றபடி கொப்புளத்துக்கு மருந்து தடவினாள்.

அலுவலகத்தில் மறைக்காமல் சொன்னாள். மேடம் முகம் சுண்டிப்போனது. "நான் உங்கள தனியா விட்டிருக்கக் கூடாதுக்கா." வெகுநேரம் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் குழந்தைகளுக்கான கரண்டி செய்துகொண்டிருந்தார்கள். கஞ்சி சூடாக இருந்தால் கரண்டியின் நிறம் மாறும். நிறம் மாறும் அந்தப் பூச்சை மேடம் கேட்டு வாங்கினாள். தோலில் படும் இடமெல்லாம் அந்தப் பூச்சு ஏறிய பட்டை வந்தது. நீலமாக இருக்கும்வரை பயமில்லை. வெளுக்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். குழாய்க்கு அடியில் இன்னொரு மடிப்பும் தைத்தார்கள்.

ஆனால் திட்டம் நிலைக்கவில்லை. கம்பி ஆறியதும் கை மறுபடி மூடிக்கொள்கிறது, டம்ளரைப் பிடிக்க இது உதவாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நிறுவனம் கைகழுவியது. மேடத்தைத் தண்ணீர் பாட்டில் வடிவமைக்கும் வேலைக்கு மாற்றினார்கள். போகும்போது, "இத நீங்களே வச்சுக்கோங்கக்கா. கேட்டு வாங்கிட்டேன்" என்று பெட்டியோடு கொடுத்தாள்.

டம்ளர் பிடிக்க உதவாத கையுறை, கை கழுவ உதவியது. காலையில் பொத்தானை அவரே வலது கையால் அழுத்துவார். பட்டையைக் கண்கொட்டாமல் பார்த்து, "வெளுக்குது, வெளுக்குது" என்று குரல் கொடுப்பார். அதற்குள் அவள் துடைத்து முடிப்பாள். மற்ற வேலை எதுவும் குறையவில்லை. மூடிய கை மூடியதுதான். அவள் இடுப்பு வலியும் அப்படியேதான்.

கம்பிகளும் ஓய்ந்துபோகும். ஒருநாள் சுட்டுவிரல் பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் குழாயைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

"அத அப்புறம் பாக்கலாம். கொஞ்ச நேரம் சாஞ்சுக்கோ. முகமே சரியில்ல" என்றார்.

"வேலைக்கு நேரமாயிடும்ங்க."

"ஆகட்டும்."

அவள் கையுறையை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அன்று வேலைக்குத் தாமதமாகத்தான் போனாள்.