வாளி சுமந்து வளர்த்த பிதாவ் மரம்

தாகேதா புறநகரிலிருந்து முதல் பஸ் பிடித்து ஏரிப் பூங்காவுக்கு வரும் தோட்டக்காரர் தனசேகரனுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. முப்பது வருடம் குனிந்து நிமிர்ந்ததில் முழங்கால் தேய்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் நட்ட பிதாவ் என்ற வேங்கை மரம் மட்டும் ஒருமுறைகூடப் பூக்கவில்லை. பர்மியப் புத்தாண்டான திங்யான் திருவிழாவுக்குள் பூக்காவிட்டால் வெட்டிவிட்டு அங்கே பெஞ்சு போடப்போவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

பிதாவைப் பூக்க வைக்கும் முதல் மழை பெய்தது. மறுநாள் காலை மற்ற பிதாவ் மரங்களெல்லாம் மஞ்சளாகப் பூத்து நின்றன. பெண்கள் கொண்டையில் செருகக் கொத்துக் கேட்டு வந்தார்கள். அவருடைய மரம் பச்சையாகவே இருந்தது.

பூங்காவைக் கூட்டும் சொர்ணம்மாள் துடைப்பத்தோடு நின்று சிரித்தாள்.

“அண்ணே, வெயில் காலம் முழுக்க வாளி வாளியா ஊத்துனீங்களே. தாகமே தெரியாத மரம் மழைய எதுக்குத் தேடும்?”

“வாடிருமேன்னு பயந்தேன் தாயி.”

“மத்த மரத்துக்கெல்லாம் யாரு ஊத்துனா?”

பன்னிரண்டு கோடையாகச் சுமந்த தண்ணீர் தனசேகரனின் தோளில் வலித்தது.

மத்தியானம் மேற்பார்வையாளர் வந்தார். ‘ஐயா’ என்பதற்குப் பர்மியச் சொல்லான ‘ஸயா’ போட்டுத் தனசேகரன் பேச்சைத் தொடங்கினார்.

“ஸயா, தப்பு என்னோடது. இன்னும் ஒரு வருஷம் விட்டுப் பாருங்க.”

“நீங்கதான் போறீங்களே, ஊ தனசேகரன். அப்புறம் யாரு பாத்துக்குவா?” பெரியவர்களுக்குரிய பர்மிய ‘ஊ’வைப் பெயருக்கு முன் சேர்த்தே மேற்பார்வையாளர் கேட்டார்.

“யாரும் பாத்துக்க வேணாம், ஸயா. தண்ணி மட்டும் ஊத்தாம இருந்தாப் போதும்.”

மேற்பார்வையாளர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். “சரி, ஒரு வருஷம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனசேகரன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.