மேட்டு முகாம், ஆறு பேர்

எங்கள் அத்தானைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவரைப் பற்றித் தப்பாகப் பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதற்குக் காரணமே நான்தான் என்பதால் வேறு யாரும் எழுத முடியாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தேசியப் பூங்கா அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். காட்டுக்குள் நடந்துபோய்க் கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது அவர் வேலை. உள்ளே ஐந்து முகாம்கள். ஒவ்வொன்றிலும் இத்தனை கூடாரம்தான் என்று வரையறை உண்டு. பாதி இடங்களை ஆறு மாதத்துக்கு முன்பே இணையத்தில் குலுக்கிப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மீதி, நேரில் வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு. ஜன்னல் ஏழு மணிக்குத் திறக்கும். நீங்கள் கண்ணாடியைத் தட்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, ஆறு ஐம்பத்தொன்பதுக்கு உள்ளே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.

வரிசை விஷயத்தில் அவர் ஒரு ராட்சதர். மேலதிகாரியின் மகனைப் பதினோராவது ஆளாக நிற்க வைத்து, இடம் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியவர். ஒரு தடவை அக்காவுக்கு ஏரிக்கரை முகாமில் இரண்டு நாள் இருக்கவேண்டும் என்று ஆசை வந்தது. இவர் தன் விடுமுறை நாளில் போய், தன் சொந்த ஜன்னலுக்கு முன்னால் நான்காவது ஆளாக நின்றார். மூன்றாவது ஆளோடு ஏரிக்கரை முடிந்தது. பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நாங்கள் பத்து வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். வீட்டில் சாப்பிட உட்காரும்போது அவர் முதலில் தட்டை எடுத்தால், "அத்தான், வரிசை, வரிசை" என்று கத்துவேன். எனக்கு அந்த வீட்டில் வாயாடி என்று பெயர். அவரே வைத்ததுதான்.

அவர் கொடுக்கும் சீட்டு இரண்டு பாகம். எந்த முகாம், எத்தனை பேர் என்று வாங்குகிறவரே தன் கையால் எழுதவேண்டும். மேல் பாகத்தைக் கூடாரத்தில் கட்டவேண்டும். கீழ்ப் பாகத்தைத் திரும்பி வரும்போது வாசல் பெட்டியில் போடவேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய வரைபடம். உள்ளே போன ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதில் ஒரு குண்டூசி. பெட்டியைத் திறந்து, வந்த கீழ்ப் பாகத்துக்கெல்லாம் குண்டூசியைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். அன்றைக்குத் திரும்பவேண்டிய கூட்டத்தின் குண்டூசி மிச்சமிருந்தால் அக்கா தனியாகத்தான் சாப்பிடவேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா அத்தான் என்று ஒருமுறை கேட்டேன்.

"இது அனுமதிச் சீட்டுன்னு நீங்க எல்லாரும் நெனச்சுக்கிட்டிருக்கீங்க. அப்படி இல்ல வாயாடி. நாளைக்கு உன்னைத் தேடி வர்றவனுக்கு நீ எழுதி வச்சுட்டுப் போற கடுதாசி இது" என்றார்.

அதற்கும் சிரித்தேன். என்னத்தைச் சொல்ல.

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர் காட்டுக்குப் போகலாம் என்று கிளம்பினோம். மேலாளர் உட்பட. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏரிக்கரை நம்ம கையில சார், சீட்டு குடுக்கறதே எங்க அத்தான்தான்" என்று அளந்துவிட்டேன். முதல் நாள் காலை நான் மட்டும் போனேன். வரிசையில் நிற்காமல் ஜன்னலின் பக்கவாட்டில் போய்ப் பல்லைக் காட்டினேன். அத்தான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "கடைசில நில்லுங்க" என்றார். நில்லுங்களாம்! தூக்கி வளர்த்த மச்சினியை! போய் நின்றேன். என் முறை வந்தபோது ஏரிக்கரை தீர்ந்திருந்தது. மேட்டு முகாம்தான் இருந்தது. ஏரியும் கிடையாது, நிழலும் கிடையாது, நாலு மணி நேரம் ஏற்றம். அத்தானுக்கு எதிரிலேயே, நூலில் கட்டிய அந்தப் பேனாவால், "மேட்டு முகாம், ஆறு பேர்" என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே மனதுக்குள் முடிவுசெய்துவிட்டேன், போகப்போவது ஏரிக்கரைக்குத்தான் என்று. மேலாளர் முன்னால் மூக்கறுபட நான் தயாராக இல்லை. ஏரிக்கரை முகாமைத் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது. மறைவான இடம். அங்கே கூடாரத்தைப் போட்டோம். சீட்டை என் பைக்குள் வைத்துக்கொண்டேன், கட்டவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்தது. நாங்கள் இருந்த இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடாரத்துக்குள் உட்கார்ந்து சீட்டாடினோம், தேநீர் போட்டுக் குடித்தோம். மேலாளர் என் ஏற்பாட்டை ஆகா ஓகோ என்று புகழ்ந்தார். ஆனால் மலைப் பக்கம் ஓடைகள் பெருகி, மேட்டு முகாமுக்குப் போகிற பாதை அறுத்துக்கொண்டுவிட்டது. வனக்காவலர்கள் வேறு இரண்டு முகாம்களில் இருந்தவர்களை இறக்கப் போயிருந்தார்கள். சுவரில், மேட்டில் ஒரே ஒரு குண்டூசி இருந்தது. அது நாங்கள்.

விடிந்ததும் அத்தான் தனியாக ஏறினார். ஜன்னலில் உட்காருகிறவர், ஏறவேண்டிய அவசியமே இல்லாதவர், ஐம்பத்தாறு வயது. மேட்டில் யாரும் இல்லை. கூடாரம் இருந்த தடம்கூட இல்லை. அடித்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். ஓடைக் கரையோரமாக மூன்று மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே தேடியிருக்கிறார். ஈரப் பாறையில் சறுக்கி முழங்கால் பெயர்ந்துவிட்டது. காவலர்கள் அவரைக் கண்டெடுத்தபோது தொண்டை கட்டிக் குரலே வரவில்லையாம்.

நாங்கள் சாயங்காலம் ஜோராக இறங்கி வந்தோம். கீழ்ப் பாகத்தைப் பெட்டியில் போடும்போது அங்கிருந்த காவலர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, நீங்களா மேட்டு முகாம் என்று கேட்டார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அத்தான் கண்ணை மூடிக்கொண்டார், அழுதார். அக்கா வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து வனச்சரக அதிகாரி உள்ளே வந்தார். மேட்டுக்குச் சீட்டு வாங்கியவர்கள் ஏரிப் பக்கமிருந்து எப்படி வந்தார்கள் என்று கேட்டார். சீட்டில் பொய் எழுதினால் வழக்கு, அலுவலகத்துக்குக் கடிதம், எல்லாம் உண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் பேசினார். காற்றுதான் வந்தது.

"நான்தான் சார் ஏரிக்கரைக்குப் போகச் சொன்னேன். சீட்டை மாத்தி எழுத மறந்துட்டேன்."

அதிகாரி நம்பவில்லை. அப்படியானால் எதற்கு மேட்டுக்கு ஏறினீர்கள் என்று கேட்டார்.

"அனுப்பினதே மறந்துபோச்சு சார். குண்டூசியைப் பார்த்தேன், ஏறிட்டேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குண்டூசியை மாற்றிக் குத்தாத மனுஷன். நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை சார், பொய் எழுதியது நான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயாடிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் என்பது ஒரு வருஷம் ஆகிவிட்டது.

கால் ஓரளவு சரியானதும் அவரை ஜன்னலில் உட்கார வைக்கவில்லை. மறதி உள்ளவரிடம் உயிர் சம்பந்தப்பட்ட வேலையைக் கொடுக்க முடியாது என்று காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். வாகன வாசலில் கம்பத்தைத் தூக்கி இறக்கும் வேலை. ஊன்றுகோலோடு போய் வருகிறார். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அக்காவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவரை ஞாபகசக்தி மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவரும் வாயைத் திறக்காமல் கூடவே போனார். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டார். அக்காவின் பயம் அப்போதும் போகவில்லை. தினமும் காலையில் ஒரு துண்டுக் காகிதத்தில் செய்யவேண்டியதை எழுதி அவர் சட்டைப் பையில் வைக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தபோது எங்கள் சித்தப்பா அவர் முன்னால் போய், "மாப்பிள்ளை, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அத்தானும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

இந்த வருஷம் அதே ஆறு பேரும் மறுபடி கிளம்பினோம். வரமாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று சொல்லவேண்டி வரும், அதனால் போனேன். இணையக் குலுக்கலில் நிஜமாகவே ஏரிக்கரை கிடைத்திருந்தது. வாசலில் கார் நின்றது. அத்தான் ஊன்றுகோலை ஊன்றி வந்து சீட்டை வாங்கிப் பார்த்தார். மேலாளர் உற்சாகமாக, "ஏரிக்கரைதான், போன தடவை மாதிரியே" என்றார். அத்தான் சுற்றி நடந்து என் பக்கத்துக் கதவருகே வந்து குனிந்தார்.

"நிஜமாவே ஏரிக்கரைதானா வாயாடி?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் குத்தல் இல்லை. நான் தலையாட்டினேன்.

"இல்ல, கேட்டு வச்சுக்கறேன். இனிமே என்னால ஏற முடியாது. வர்றவனுக்குச் சரியா சொல்லணும்ல."

குனிந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து அக்காவின் காகிதம் எட்டிப்பார்த்தது. "கண்ணாடி. மதிய மாத்திரை. வீட்டுச் சாவி." அக்காவின் கையெழுத்து. ஒவ்வொன்றாக, குழந்தைக்கு எழுதுவதுபோல் பெரிது பெரிதாக.

கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். மேலாளர் என்ன ஆச்சு என்று கேட்டார். நீங்கள் போங்கள், நான் வரவில்லை என்றேன். அத்தான் என் கையைப் பிடித்தார், வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். கையை விடுவித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன். ஜன்னலில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தபோது உள்ளேயிருந்த பெண் எந்த முகாம் என்று கேட்டாள். போன வருஷத்துச் சீட்டு ஒன்றில் தப்பு இருக்கிறது, திருத்தி எழுதித் தரவேண்டும் என்றேன். அவள் பழைய சீட்டுகளை ஒட்டிவைத்த பதிவேட்டைப் புரட்டினாள். மேட்டு முகாம், ஆறு பேர். என் கையெழுத்து.

"இதுவா? இது தெரிஞ்ச விஷயம்தாங்க. முன்னாடி இங்க இருந்த பெரியவர் மாத்தி எழுத மறந்த சீட்டு. அவருக்குக் கொஞ்சம் மறதி" என்றாள்.

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூலில் கட்டியிருந்த பேனாவை எடுத்துக்கொண்டேன்.

"அவருக்கு எந்த மறதியும் இல்லம்மா. இதை எழுதினது நான். பொய்யா எழுதினேன்."