முழங்கால் அளவு வெள்ளம்: பென்னாகரம் சாலையில் ஒரு பாலம்

ஒகேனக்கல் போவது எப்படி, எங்கே தங்கலாம், மீன் வறுவல் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலாக அந்தச் சாலையில் போன 1973 நவம்பரில் அருவியையே பார்க்கவில்லை. பரிசல் ஏறவில்லை, மீனும் தின்னவில்லை. ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டு வயிறெரிந்து திரும்பினேன். ஐம்பது வருடம் ஆகியும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. அருவியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் பாலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சேலத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர் வேலை. அக்கா பிலோமினாவைப் பென்னாகரத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அதுவரை அவர்கள்தான் சேலத்துக்கு வந்துபோவார்கள், நான் போனதில்லை. அவள் கணவர் மரியதாஸ் மாமா ராகியும் நிலக்கடலையும் போடுகிற விவசாயி. ஊர்க் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். ஊருக்குப் போகிற வழியில் ஓர் ஓடை உண்டு. அதன்மேல் அரசாங்கம் கட்டிய புதுப் பாலத்தின் இருபக்கக் கரையையும் ஐப்பசி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, அதற்கு மாமாதான் காரணம் என்று விசாரணைக்கு வருகிறார்கள், உடனே புறப்பட்டு வா என்று அக்கா ஆள் அனுப்பியிருந்தாள். பாலத்துக் கரை போனதற்கு ராகி விதைக்கிறவர் எப்படிக் காரணம் ஆவார்? அது விளங்காமல்தான் பஸ் ஏறினேன்.

சேலத்திலிருந்து தர்மபுரி அறுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஆறரைக்கு ஏறி, தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, எட்டரைக்கு இறங்கினேன். அங்கிருந்து பென்னாகரம் முப்பது கிலோமீட்டர். பென்னாகரத்தில் ஒகேனக்கல் பஸ்ஸுக்கு மாறவேண்டும். அந்தச் சாலையில் ஐந்து கிலோமீட்டரில் ஒரு பிரிவு வரும். அங்கே இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தால் அக்கா ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம்.

ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் சிரித்தார். "ஜூன் மாசத்துல இருந்து இந்த பஸ்ஸே ஊருக்குள்ளார வந்துச்சுங்க. ஐப்பசி வரைக்கும் நாந்தான் கொண்டாந்து எறக்கி வுட்டேன். இப்ப பஸ்ஸ பாலத்து மேல ஏத்தணும்னா ஏணி வெச்சுத்தான் ஏத்தணும்" என்றார்.

மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை. பாலம் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக நின்றது. அதன் இரண்டு முனையிலும் ஏறுவதற்கு இருந்த மண்கரைதான் இல்லை. வீட்டை இடித்துவிட்டு வாசற்படியை மட்டும் விட்டுவைத்தது போல ஓடை நடுவில் தனியாக நின்றது. சனங்கள் அதன் பக்கத்திலேயே சேலையையும் வேட்டியையும் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார்கள். நானும் இறங்கினேன். மழை விட்டு எத்தனையோ நாள் ஆகியும் தண்ணீர் தொடை வரை இருந்தது.

பார்த்ததுமே கோபம் வந்தது. அகலமான ஓடைக்கு, தண்ணீர் போக மூன்றே மூன்று கண் வைத்த குட்டைப் பாலம். மூன்று கண்ணையும் முள்ளும் மரத்துண்டும் அடைத்திருந்தன. உள்ளே வழியில்லாத தண்ணீர் சுற்றிப் போயிருக்கிறது, போகிற வழியில் கரையைக் கரைத்திருக்கிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எந்த வேலையும் கல்லிலும் சிமெண்டிலும் ஆரம்பிப்பதில்லை. இந்த இடத்தில் இது நிற்குமா என்று கேட்பதில் ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்வியை இங்கே யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள்?

மாமாவிடம்தான் கேட்டிருக்கிறார்கள்! களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டுவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார, மாமா சொன்னார். முந்தின வருடம் கோடையில், ஓடை எலும்பாகக் கிடந்தபோது ஒரு ஜீப் வந்திருக்கிறது. அதிகாரி இறங்கவில்லை. வெள்ளம் வந்தால் எவ்வளவு வரும் என்று ஜீப்பில் இருந்தபடியே கேட்டிருக்கிறார். மாமா முழங்கால் அளவு என்று சொல்ல, அதை எழுதிக்கொண்டு போய்விட்டார். அதை வைத்து எஸ்டிமேட், அதை வைத்து டெண்டர், அதை வைத்து அக்ரிமென்ட்.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

"நான் மட்டுமா சொன்னேன் மாப்ள? ஊரே கூடிப் பேசி வெச்சது. மேல ஊர்ல முன்னால இதே மாதிரி வந்து கேட்டாங்க. அவங்க நெசத்தச் சொன்னாங்க, ஆள் ஒசரத்துக்கு மேல வரும்னு. பெரிய பாலத்துக்குத் துட்டு பத்தாதுன்னு எழுதிக்கிட்டுப் போனவங்கதான், திரும்பி எட்டியே பாக்கல. அதனால நாங்க கொறச்சுச் சொன்னோம்."

"கல்யாணப் பேச்சுல பொண்ணுக்கு வயசக் கொறச்சுச் சொல்றதில்லையா, அந்த மாதிரி" என்றாள் அக்கா. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் செல்வி, இளையவள் ரீத்தா. உள்ளூரில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். பாலம் வந்து, பஸ் வந்ததால்தான் செல்வி பென்னாகரத்தில் ஒன்பதாவது சேர்ந்தாள். அந்த ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போன முதல் பெண் அவள்தான். தினமும் இந்தத் தண்ணீரில் இறக்கி அனுப்ப மனமில்லாமல், கரை போனதிலிருந்து அவளை வீட்டில் வைத்திருந்தார்கள். கோடையில் ஓடையைத் தாண்டி நடந்துவிடலாம். மழைக்காலம் மூன்று மாதமும் லீவு போட்டால் எந்தப் பள்ளிக்கூடம் பெயரை வைத்திருக்கும்? பாலத்தைச் சரிசெய்தால் படிப்பு, இல்லாவிட்டால் இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. ஓடைக்கரைப் புளியமரத்தடியில் பள்ளிக்கூட நாற்காலி போட்டார்கள். வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? அன்று ஜீப்பை விட்டு இறங்காத அதே அதிகாரி! தான் செய்த வேலையைத் தானே விசாரிக்கிறார். கூட ஒரு குமாஸ்தா, கான்ட்ராக்டரின் ஆள் ஒருவர்.

கான்ட்ராக்டரின் ஆளுக்குக் கவலையே இல்லை. "எங்க அக்ரிமென்ட்ல பாலம்னுதான் இருக்குது. பாலம் நிக்குதா இல்லையா, பாத்துக்குங்க. கரை வேற ஆளோட கான்ட்ராக்ட்" என்றார். கரை போட்டவரோ பராமரிப்புக் காலம் முடிந்ததென்று வரவே இல்லை. ஒரு சட்டைக்கு உடம்பை ஒருவரிடமும் கையை இன்னொருவரிடமும் தைக்கக் கொடுத்துவிட்டு, இரண்டையும் சேர்ப்பது யார் வேலை என்று எழுத மறந்திருக்கிறார்கள். அக்ரிமென்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் தங்கள் பங்கை ஒழுங்காக முடித்துவிட்டார்கள். ஊருக்குத்தான் வழி இல்லை.

அதிகாரி மாமாவைக் கூப்பிட்டார். "வெள்ளம் முழங்கால் அளவுதான் வரும்னு சொன்னது யாரு?"

"நாந்தாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் சொன்னார் சார், நீங்க அளந்தீங்களா?" என்றேன்.

"நீங்க யாரு?"

"அவர் மச்சினன்."

"மச்சினனுக்கு இங்க என்ன வேலை?"

அப்போதுதான் தற்செயலாக மேலே பார்த்தேன். அவர் தலைக்கு மேல், என் கைக்கு எட்டாத உயரத்தில், புளியங்கிளைகளில் வைக்கோலும் சருகும் ஒரு கிழிந்த சேலையும் சிக்கித் தொங்கின. சில இந்த வருடத்தது, சில வெளுத்துப்போன பழையது. வெள்ளம் வருடா வருடம் தன் உயரத்தைத் தானே குறித்துவைத்திருந்தது. "மேல பாருங்க சார், தண்ணி எதுவரைக்கும் வந்திருக்குன்னு" என்று கத்தினேன்.

அவர் நிதானமாக அண்ணாந்து பார்த்தார். "அது காத்துல வந்திருக்கும்" என்றார்.

குமாஸ்தா குனிந்துகொண்டார். ஊர்க்காரர்கள் தந்த தவறான தகவலே சேதத்துக்குக் காரணம் என்று எழுதி நீட்டினார்கள். மாமா கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டீர்கள் என்று திரும்புகிற வழியெல்லாம் சண்டை பிடித்தேன். "சொன்னது சொன்னதுதான மாப்ள. ஞாயித்துக்கெழம சனத்துக்கு ஜெபம் சொல்லிக் குடுத்துட்டு, திங்கக்கெழம சொல்லலன்னு எப்படிங்க சொல்றது?" என்றார். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டேன். ஒகேனக்கல் பதினொரு கிலோமீட்டரில் இருந்தும் போக மனமில்லை.

அடுத்த ஏப்ரலில் ஈஸ்டருக்குப் போனேன். தண்ணீர் வற்றியதும் செல்வி பள்ளிக்கூடம் திரும்பியிருந்தாள்; இந்த ஒரு தடவை மட்டும் என்று பெயரை அடிக்காமல் வைத்திருந்தார்கள். பண்டிகை முடிந்த அந்த வாரமே இன்னொரு ஜீப் வந்தது. பாலத்தைத் திரும்ப இணைக்க எஸ்டிமேட் போடுகிறார்களாம். வந்தவர் புது அதிகாரி, சின்ன வயது. ஜீப்பை விட்டு இறங்கினார். டேப் பிடித்தார். யாரும் சொல்லாமலே புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அவர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடவே போய் நின்றேன்.

"பெரியவரே, உள்ளபடி எழுதினா இந்தப் பாலம் ஆவாது. ஒசரமா, அகலமா வேற பாலம் வேணும். அதுக்குப் புதுசா அனுமதி வாங்கணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது, வராமலும் போகலாம். பழைய வாக்குமூலத்துல முழங்கால்னு உங்க கையெழுத்து இருக்குது. அத அப்படியே வெச்சா, மழைக்கு முன்னால கரையப் போட்டு பஸ்ஸ வுட்டுடலாம். பெரிய வெள்ளம் வந்தா திரும்பவும் போவும். நீங்களே சொல்லுங்க."

நான் முந்திக்கொண்டு, "உள்ளத எழுதுங்க சார்" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. "முட்டிக்கால்னே எழுதுங்க சார்" என்றார்.

மரத்தடியிலேயே நான் சத்தம் போட்டேன். கையெழுத்துப் போட்ட மானம் என்ன ஆனது, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் என்ன ஆனது என்றெல்லாம் கேட்டேன். ஜீப் போனபிறகுதான் வாயைத் திறந்தார்.

"உண்மையச் சொன்னா புள்ள வூட்ல உக்காந்துக்கும் மாப்ள. பெரிய வெள்ளம் வருசா வருசம் வராது. செல்வி படிச்சு முடிக்க ரெண்டு வருசம். ரெண்டு வருசம் கரை நின்னாப் போதும்."

அடுத்த ஞாயிறு பங்குச் சாமியாரிடம் தன் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தாராம். அதற்குப் பரிகாரமாக 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னாராம் சாமியார். அந்த மனிதருக்கு மூன்று என்றால், உண்மையைச் சொன்ன ஊரைக் கைவிட்டு, பொய் சொன்ன ஊருக்குப் பாலம் கொடுத்தவர்களுக்கு எத்தனை? இன்றுவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கலுக்கு இப்போது நேரடி பஸ் நிறைய இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் போனால் பரிசல் விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் எத்தனையோ சின்னப் பாலங்கள் வரும். இறங்கிப் பார்க்க நேரமிருந்தால், பாலத்தைப் பார்க்காதீர்கள், கரையோர மரங்களைப் பாருங்கள். கட்டடத் தொழிலில் இருக்கிற தம்பிகளுக்கு ஒன்று: ஆய்வுக்குப் போகிற இடத்தில் வண்டியை விட்டு இறங்குங்கள். ஊர்க்காரர்கள் குறைத்துச் சொன்னால் அவர்களைத் திட்டாதீர்கள், எதற்குப் பயந்து குறைக்கிறார்கள் என்று கேளுங்கள். பாலத்தையும் கரையையும் ஒரே ஆளிடம் கொடுங்கள்.

மாமா போட்ட கணக்குத் தப்பவில்லை. கரை இரண்டு மழை தாங்கியது. செல்வி 1976-ல், அப்போது பதினோராவதாக இருந்த எஸ்.எஸ்.எல்.சி. எழுதி முடித்து, நர்ஸ் படிப்புக்குப் போனாள். இதைக் கேட்டதும் நல்லதாகத்தானே முடிந்தது என்று பின்னூட்டம் போடத் தோன்றும். போடாதீர்கள். அந்த வருடம் ஜூனில் ரீத்தா ஒன்பதாவது சேர்ந்தாள். ஐப்பசியில் கரை போனது. திரும்ப எஸ்டிமேட் போட எந்த ஜீப்பும் வரவில்லை. கார்த்திகையில் பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அதற்குப்பிறகு அவள் படிக்கவே இல்லை.