சித்தியைப் பார்க்க வந்தவர்கள்

எங்கள் வீட்டு பிரிட்ஜுக்குள் மேல்தட்டில் என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருந்தன, கீழே அரிசி. தோட்டவெளியின் உப்புக்காற்று இரண்டே வருடத்தில் அதன் வயிற்றை அரித்துத் தின்றுவிட்டது. அதை வாங்கிய கடனுக்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை.

மன்னார் நகரத்தில் ஒரு கடையில் அதைத் தவணைக்கு எடுத்தவர் அப்பா. ஐஸ் விற்றுத் தலையெடுக்கலாம் என்று நினைத்தார். கடலுக்குப் போகிறவரிடம் கடை கேட்கும் சம்பளத் துண்டு ஏது? அது சித்தியிடம் இருந்தது. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்துகொண்டு பாலர் பாடசாலையில் படிப்பித்தார். அதனால் கடைப் பத்திரத்தில் சித்தியின் பெயரும் கையெழுத்தும் ஏறின. மாதக் காசை வாங்கக் கடையின் ஆள் ஒருவர் வீட்டுக்கே வருவார். சில மாதம் கட்டிய காசுக்குப் பற்றுத்துண்டு தந்தார். பல மாதம் “பிறகு தாறன்” என்றார். ஒருநாள் கடையே பூட்டப்பட்டுவிட்டது. கணக்குகள் கொழும்பில் ஒரு வசூல் கொம்பனிக்குக் கைமாறிய விஷயம், இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவர்கள் முதலில் வந்த இரண்டு தடவையும் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர்களுடைய முகம் எனக்குத் தெரியாது. அடுத்த முறை பாலர் பாடசாலைக்கே போவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்களாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. சித்தியைப் பெண் பார்க்க வெள்ளாங்குளத்திலிருந்து ஆட்கள் வருவதாக ஒரு சனிக்கிழமை நிச்சயமாயிற்று. வழி காட்ட அப்பா சந்திக்குப் போய்விட்டார். அறைக்குள் அம்மா சித்திக்குச் சேலைக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தார். வாசல் படலையடியில் நின்றது நான்தான். வருகிறவர்களை மரியாதையாக இருத்திச் சோடா கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை.

வெள்ளைச் சட்டையும் கையில் பைலுமாக ஒரு நடுவயதுக்காரர் வந்து இறங்கினார். கூட ஓர் இளைஞர், நன்றாகத் தலை வாரியிருந்தார். நான் அவரை மாப்பிள்ளை என்றே முடிவுகட்டினேன்.

“தங்கச்சி, வீட்டில ஆக்கள் நிக்கினமோ? உங்கட சித்தியைப் பார்க்கத்தான் வந்தனாங்கள்.”

“ஓம், வாங்கோ. இருங்கோ.”

இரவல் வாங்கி வைத்திருந்த புதுக் கதிரைகளில் இருவரையும் இருத்தினேன். சோடா ஊற்றிக் கொடுத்தேன். கேக் தட்டையும் நீட்டினேன். பெரியவர் கொஞ்சம் திகைத்தவர் போலப் பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்தார். இளைஞர் இரண்டு எடுத்தார். நான் உள்ளே ஓடி, வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வடிவு என்று சொன்னேன். சித்தி தலையைக் குனிந்துகொண்டார். திரையை நீக்கிப் பார்த்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

அம்மா வெளியே போனார். நான் பின்னால் நின்றேன்.

“அக்கா, இது மூண்டாந்தரம்,” என்றார் பெரியவர். குரல் உயரவில்லை. “கொம்பனிக் கந்தோரில எனக்குப் பேச்சு விழுது. இண்டைக்கு அவ வந்து, கடனை ஒத்துக்கொண்டு இதில ஒரு கையெழுத்து வைக்கட்டும்.”

“கட்டின காசு தம்பி அது. துண்டு தராமல் போனது அந்தக் கடை ஆள்.”

“அது உங்களுக்கும் கடைக்கும் உள்ள கதை. எங்கட பைலில இல்லை.”

“இண்டைக்கு மட்டும் போங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அவளைப் பொம்பிளை பார்க்க வருகினம்.”

அவர் பதில் சொல்லுமுன் வான் ஒன்று படலையில் நின்றது. அப்போதுதான் நான் யாருக்குக் கேக் கொடுத்தேன் என்பது எனக்கு விளங்கியது.

முன்னால் வந்த அப்பா அவர்களைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். பின்னால் மாப்பிள்ளை, அவருடைய தாய், தகப்பன். மாப்பிள்ளையின் தாய் பைலையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இவை ஆர்?”

பெரியவர் எழுந்தார். அவர் பார்வை மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் போய் நின்றது. அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். திரைக்கு அப்பால் சித்தியின் காப்புச் சத்தம் கேட்டு நின்றது.

“பிரிட்ஜ் பழுதெண்டு சொன்னவை. பார்க்க வந்தனாங்கள்,” என்றார் பெரியவர். பைலை மூடி அம்மாவிடம் திரும்பினார். “இது லேசில சரிவராது அக்கா. புதன்கிழமை வாறன்.”

அவர்கள் போக, மாப்பிள்ளையின் தகப்பனார் சுவரோடு ஒட்டி வழி விட்டார்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் அதிசயம். தரகர் மூலம் சீதனக் காசும் மோட்டார் சைக்கிளும் கேட்டிருந்த வீட்டார் அவர்கள். மாப்பிள்ளையின் தாய் அந்தப் பேச்சைத் தொடங்கியதும் தகப்பனார் வெட்டினார். “அதெல்லாம் வேண்டாம். பிள்ளையைப் பிடிச்சிருக்கு. தவக்காலத்துக்கு முன்னம் கலியாணத்தை வைப்பம்.” அம்மா அழுதேவிட்டார். என்னை ஒருவரும் அடிக்கவில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் சித்தி மீதியைச் சொன்னார். கலியாணம் முடிந்து இரண்டாம் கிழமை, வெள்ளாங்குளத்து வீட்டுக் கதவை யாரோ தட்டியிருக்கிறார்கள். சித்தி திறந்தால் அதே வெள்ளைச் சட்டை. மாமனார் அதே கடையில் தண்ணி மோட்டாரும் தொலைக்காட்சியும் தவணைக்கு எடுத்து, கட்டுவதைப் பாதியில் விட்டிருந்தார். பெரியவர் அவரைத் தேடி வந்ததும் அது மூன்றாம் தடவை. “நீங்களோ பிள்ளை?” என்று கேட்டாராம் பெரியவர். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர் இரக்கப்பட்டுத்தான் பொய் சொன்னாரா, இரண்டு கணக்கும் ஒரே சம்பளத்துக்குள் வந்து சேரட்டும் என்று விட்டாரா, சித்திக்கும் தெரியாது.

இரண்டையும் சித்திதான் கட்டினார். ஆறு வருடம் சென்றது.

ஆனால் பெண் பார்த்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்: எங்கள் சித்திக்கு வரப்போகிற மாமனார் ஒரு சதமும் சீதனம் கேட்கவில்லை, அப்படி ஒரு நல்ல மனிதரை இந்தத் தீவில் காண முடியாது என்று.