கரி போன ஓடுகள்

நான் தொல்லியல் படிக்கப் போகிறேன் என்றதும், லண்டன் டூட்டிங்கில் நான் பாத்திரம் கழுவிய சாப்பாட்டுக் கடையின் சமையல்கார அண்ணை, "எகிப்துப் பக்கம் போனியெண்டால் எனக்கொரு சங்கிலி தோண்டிக்கொண்டு வா" என்றார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்.

என்னை இழுத்தது பொன் அல்ல. எங்கள் பல்கலைக்கழகக் குழு அப்போது நைல் நதியோரம் கூலியாட்களின் குடியிருப்பு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. அடுப்புகள், குப்பைக்குழிகள், உடைந்த சட்டிகள். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய கூலிக்காரன் என்ன தின்றான் என்று அறிய இத்தனை பேர் பாடுபடுகிறார்கள் என்பதே எனக்குப் புதுமையாக இருந்தது. கூலி வேலைக்குப் போய் எங்களை வளர்த்த ஐயா என்ன தின்றார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த குளிர்கால அகழ்வுக்கு ஒரு மாணவருக்கு இடம் இருந்தது. மட்பாண்டங்களுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் அம்மையார், நிலவறையில் தனக்கு உதவி செய்கிறவர்களில் ஒருவரை எடுப்பதாகச் சொன்னார். சோதனைக்கென்று அனுமதி பெற்று எகிப்திலிருந்து வந்த சில பெட்டி உடைந்த பானை ஓடுகள் அங்கே இருந்தன. கழுவி, உலர்த்தி, மையால் இலக்கம் எழுதவேண்டும்.

மற்றவர்கள் இந்த வேலையைக் கோடைகாலப் பயிற்சி அகழ்வில் பழகியிருந்தார்கள். நான் போகவில்லை. ஷிப்டை விட்டால் கடையில் வேறு ஆள் வந்துவிடுவான். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்பதால், கேட்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடித்த கையோடு நிலவறைக்குப் போனேன். அலுமாரித் தட்டின் ஓரத்தில் தனியாக ஒரு தட்டம் கிடந்தது. தடித்த சமையல் சட்டி ஓடுகள். வெளியே கரி, உள்ளே கருகிப் பிடித்த பொருக்கு. அழுக்கென்று எல்லோரும் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் கரியோடு சட்டியைக் கவிழ்த்து வைத்தால் அம்மாவிடம் பேச்சு வாங்கவேண்டும். பல் துலக்கும் பிரஷ் போதவில்லை, நகத்தாலும் சுரண்டினேன். இரண்டு மணித்தியாலத்தில் எல்லா ஓடுகளும் செங்கல் நிறத்தில் மின்னின. பத்திரிகைத் தாளில் வரிசையாகப் பரப்பிவிட்டுப் போனேன்.

திங்கட்கிழமை அம்மையார் ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார்.

"இதில் கரி இருந்ததே?"

"இருந்தது. கஷ்டப்பட்டுத்தான் எடுத்தேன்" என்றேன். பாராட்டப்போகிறார் என்று நின்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பொருக்கில்தான் கொழுப்பும் தானியமும் ஒட்டியிருந்தன, ஆய்வுகூடத்துக்கு அனுப்பவே தான் ஒதுக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். கூலிக்காரன் தின்றது அவ்வளவும் தண்ணீரோடு லண்டன் சாக்கடைக்குப் போயிருந்தது.

"உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "தெரியும். மறந்துவிட்டேன்."

அவர் கையிலிருந்த ஓட்டைத் தாளில் வைத்தார். "தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தும் மறக்கிறவரைக் களத்துக்குக் கூட்டிப்போக எனக்குத் துணிவில்லை" என்றார்.

குளிர்காலத்தில் இன்னொருவன் போனான். நான் கடையில் நின்றேன்.

"என்னடாப்பா, படிச்சும் சட்டிதானே கழுவுறாய்?" என்றார் அண்ணை. பகிடிக்குத்தான் சொன்னார். நான் அடுத்த சட்டியை எடுத்துச் சுரண்டினேன்.

இரண்டு வருடம் கழித்து அகழ்வு அறிக்கை அச்சாகி வந்தது. நூலகத்தில் இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தா.

"உன்ர பேர் எங்கை கிடக்கு?"

பெயர் இல்லை. உணவு பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பில், சில ஓடுகள் லண்டனில் கழுவப்பட்டதால் சோதிக்க இயலவில்லை என்று ஒரு வரி இருந்தது. அதில் விரலை வைத்தேன்.

"இதிலை."

"என்னெண்டு போட்டிருக்கினம்?"

"நான் சட்டி கழுவினதெண்டு, அம்மா."

அம்மா அந்த வரியை ஒருமுறை தடவினா. "சட்டி கழுவினதையும் புத்தகத்திலை எழுதுவினமோ" என்றா.